பின்னால் வந்த கயாக்

"அன்செல்மோ தாத்தா ஏம்மா எப்பப் பாத்தாலும் நமக்குப் பின்னாடியே வர்றாரு? அவருக்கு வேகமாத் துடுப்புப் போடத் தெரியாதா?"

எட்டு வயது பிலார் இதைக் கேட்டது போன இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவர் உட்காரும் ஒல்லியான துடுப்புப் படகான கயாக்கில் முன்னால் அவள், பின்னால் அவள் அம்மா சில்வினா. மற்ற கயாக்குகள் எல்லாம் ஓடையின் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டன. கொஞ்சம் பின்னால், கூட்டத்திலேயே மூத்தவரான அன்செல்மோ மட்டும், கரையோரத்துக் கொக்கை வேடிக்கை பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு வயசாயிடுச்சுல்ல, கண்ணு. மெதுவாத்தான் வருவாரு," என்றாள் சில்வினா.

சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. இந்தக் கூட்டத்தில் தன்னைவிட மெதுவாகப் போகிறவர் ஒருவராவது இருக்கிறாரே என்று.

அந்தக் கயாக் அவள் கணவன் தாரியோவுடையது. அவன் இருந்தவரை பின்னிருக்கையில் உட்கார்ந்து செலுத்துவான். அவள் முன்னால் உட்கார்ந்து ஒப்புக்குத் துடுப்பை நனைப்பாள். தீக்ரே ஊரின் ஆற்றங்கரையிலிருந்து தாரியோவும் அவன் அண்ணன் ஒராசியோவும் நண்பர்களும் தம் குடும்பங்களோடு ஞாயிறுதோறும் கிளம்புவார்கள். ஏதாவது ஒரு தீவில் இறைச்சி சுட்டு, சீட்டாடி, சாயங்காலம் திரும்புவார்கள். தாரியோ நோயில் போன பிறகு எல்லோரும் கயாக்கை விற்றுவிடச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. பின்னிருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள்.

மகள் கேட்ட கேள்வியை அவள் மறந்தே போயிருப்பாள். சில நாள் கழித்து, பிலார் மறந்துவிட்டு வந்த குளிர்ச்சட்டையை எடுக்க வேலை முடிந்து படகுக் கொட்டகைக்குப் போனாள். ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து ஒரு கயாக் வந்துகொண்டிருந்தது. துடுப்பு நீரில் இறங்குவதும் ஏறுவதும் சத்தமே இல்லாமல் நடந்தது. கயாக் அம்பு போல வந்தது. ஓட்டுகிறவர் யாரென்று பார்த்தாள். அன்செல்மோ.

சில்வினா கொட்டகைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். முகம் சுட்டது. அப்படியென்றால் கொக்கு பார்ப்பதும், தொப்பியைச் சரிசெய்வதும், கால் மரத்துவிட்டது என்று நிற்பதும் எல்லாம் தனக்காகத்தான். தான் கடைசியாகிவிடக் கூடாது என்பதற்காக. தனக்கு ஏதாவது ஆனால் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக.

அன்று படுக்கப் போகுமுன் லுஹான் மாதாவின் சிறு படத்துக்கு முன்னால் நின்று, அவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினாள். என்னைப் பார்த்து இரக்கப்பட அவர் யார் என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்தினாள். ஒரு மனிதர் தனக்கு நல்லது செய்தார் என்று மாதாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கே உறைத்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

நன்றி சொல்லவும் வழியில்லை. தெரியாமல் செய்கிற உதவி தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால், அது அங்கேயே நின்றுபோகும். அவருக்கும் சங்கடம். ஒன்றுதான் செய்யலாம். தனக்குப் பின்னால் யாரும் வரத் தேவையில்லாத அளவுக்குத் தான் தேறிவிட வேண்டும்.

தான் வேலை செய்யும் பள்ளிச் சமையலறையில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடிந்த நாளெல்லாம் ஆற்றுக்குப் போனாள். முன்னிருக்கையில் பிலாருக்குப் பதிலாக மணல் மூட்டை. கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. குளிர்காலத்தில் விரல்கள் மடங்க மறுத்தன. மழை பெய்தால் மழையில் போனாள். உடம்பு நகர மறுத்த நாட்களில் ஒரு ஜெபத்தைச் சொல்லி, அது முடிகிறவரை மட்டும் தள்ளுவோம் என்று தள்ளினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

குளிர் போய் அங்கே வசந்தம் வந்திருக்கும் நவம்பரில் பெரிய பயணம் வந்தது. பால்மாஸ் ஆற்றைக் கடந்து அக்கரைத் தீவுக்குப் போகும் பயணம். ஓடைகளில் விளையாடுவது வேறு, பால்மாஸ் வேறு. அகலமான ஆறு அது. சரக்குக் கப்பல்கள் போகும்.

"நீயும் குழந்தையும் இர்மாவோட லாஞ்சுல வாங்க, ஒல்லி," என்றான் ஒராசியோ. அவளை அவன் கூப்பிடுவது எப்போதும் அப்படித்தான். இர்மா அவன் மனைவி. சாப்பாட்டு மூட்டைகளை லாஞ்ச் என்னும் மோட்டார் படகில் ஏற்றி வருவது அவள் பொறுப்பு.

"கயாக்குலதான் வருவேன்."

"பிடிவாதம் பிடிக்காதே. என் தம்பி பொண்ணு அது. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"அவ எனக்கும் பொண்ணுதான், ஒராசியோ."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி. ஓடை பெரிய ஆத்துல சேர்ற முகத்துல இர்மா நிப்பா. அங்க வரும்போது நீ மூச்சு வாங்கிட்டு வந்தே, ரெண்டு பேரும் லாஞ்சுல ஏறிடணும். பேச்சு கிடையாது."

"பேச்சு கிடையாது," என்றாள் அவளும்.

அந்த ஞாயிறு காலை ஓடைக்கரை முழுக்க சேய்போ மரங்கள் பூத்துச் சிவந்து கிடந்தன. சில்வினா எதையும் பார்க்கவில்லை. பிலாரின் முதுகையும் முன்னால் போகும் கயாக்கின் வாலையும் மட்டுமே பார்த்தாள். ஆற்று முகத்துக்கு வந்தபோது கூட்டத்தின் நடுவில் இருந்தாள். வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டாள்.

ஒராசியோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வாயத் திறந்து ஏதாச்சும் பேசு பாப்போம்."

"இர்மாகிட்ட சொல்லு, எனக்கு ரெண்டு துண்டு கறி அதிகமா எடுத்து வைக்கச் சொல்லி."

லாஞ்சிலிருந்து இர்மா சிரித்தாள். "விடுப்பா, அவளுக்கு மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் இரைக்குது."

ஒவ்வொருவராக ஆற்றுக்குள் இறங்கினார்கள். கடைசியில் இரண்டு கயாக்குகள் மிஞ்சின. அன்செல்மோ தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னாடி போங்க, அன்செல்மோ ஐயா," என்றாள் சில்வினா.

"எனக்கென்ன அவசரம், மகளே. பின்னாடி இருந்தா காத்து நல்லா வரும்."

"இன்னைக்கு நீங்க முன்னாடி போகணும்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். காய்த்துப்போன உள்ளங்கைகளை. துடுப்பை இறக்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் தன்மேல் வைத்த நம்பிக்கை அது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நம்பிக்கை முதுகில் ஒரு கை வைத்தது போல இருந்தது.

பாதி ஆற்றில் ஒரு கப்பல் போனது. அது தூரத்தில்தான் போனது. ஆனால் அதன் அலைகள் விடாமல் வந்தன.

"அம்மா, பெருசா வருதும்மா."

"பயப்படாதே. அலைக்கு நேரா மூக்கைக் காட்டுவோம். துடுப்பை நிறுத்தாதே, என்கூட எண்ணு."

கயாக்கின் மூக்கு ஏறியது, தொப்பென்று விழுந்தது, பிலாரின் மடி நிறையத் தண்ணீர். மறுபடி ஏறியது. சில்வினாவின் தோள்கள் தீயாக எரிந்தன. ஜெபம் பாதியில் மறந்துபோய், அவள் வெறும் 'மாதாவே, மாதாவே' என்று மட்டும் சொல்லித் தள்ளினாள். அலைகள் ஓய்ந்தபோது நீரோட்டம் அவர்களைக் கீழே தள்ளிக்கொண்டு போயிருந்தது. பல்லைக் கடித்துக் கரையோரமாகவே எதிர்த்து ஏறினாள். தீவின் மரத்துறையில் முட்டியபோது பிலார்தான் முதலில் கத்தினாள். "வந்துட்டோம் பெரியப்பா!"

ஒராசியோ துறை விளிம்பில் குந்தி, குழந்தையைத் தூக்கி மேலே வைத்தான். பிறகு சில்வினாவுக்குக் கை கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "தாரியோ பாத்திருக்கணும்," என்றான். அவ்வளவுதான். இனி அவளை யாரும் லாஞ்சில் ஏறச் சொல்லப்போவதில்லை என்பது அதிலேயே முடிந்துவிட்டது.

அவள் கைகள் நடுங்கின. கயிற்றைப் பிடிக்க முடியவில்லை.

"நீ மேல போ, மகளே. குழந்தைக்கு உடுப்பு மாத்து," என்றார் அன்செல்மோ. "எல்லார் கயாக்கையும் நானே கட்டிட்டு வர்றேன்."

இறைச்சி வெந்தது, தின்றார்கள். மாத்தே என்னும் இலைச்சாறு நிறைந்த குடுவை உறிஞ்சுகுழாயோடு கை மாறிச் சுற்றி வந்தது. அதற்கு ஊற்ற வேண்டிய வெந்நீர்க் குடுவையைப் படகுக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் அன்செல்மோ. இர்மா அடுப்பில் தண்ணீர் சுட வைக்க வேண்டியதாயிற்று.

"போன தடவை தண்ணி இறைக்கிற பம்பை விட்டுட்டு வந்தே, இந்தத் தடவை வெந்நீர்," என்றான் ஒராசியோ. "இன்னும் ஒண்ணை மறந்தேன்னா, கிழவா, அப்புறம் ஞாயிறுதோறும் உனக்கு லாஞ்சுதான். சோத்து மூட்டைக்குக் காவலா உக்காந்து வா."

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோவும் சிரித்தார். ஆனால் அவர் கையிலிருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றதைச் சில்வினா பார்த்தாள். தனியாக வாழ்கிற மனிதர் அவர். வாரம் முழுக்க அவருக்கு இருப்பது இந்த ஞாயிறு ஒன்றுதான்.

சாப்பிட்டபின் சிலர் சீட்டை எடுத்தார்கள், சிலர் புல்லில் சாய்ந்தார்கள். காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. பிலாரின் துண்டை எடுக்கச் சில்வினா துறைக்குப் போனாள்.

துறை விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

மேற்குக் காற்று அடித்தால் இந்தத் தீவுகளில் தண்ணீர் இறங்கிவிடும். இறங்கியிருந்தது. வந்தபோது துறைக்குச் சமமாக மிதந்த கயாக்குகள் இப்போது மூக்கால் தொங்கிக்கொண்டிருந்தன, தூண்டிலில் மாட்டிய மீன்களைப் போல. வால் நீருக்குள். ஒன்றின் இருக்கைக்குள் ஏற்கெனவே தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. கயிறுகள் எல்லாம் தூணில் ஒரு சாண் விட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. மிச்சக் கயிறு பலகைமேல் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. கொட்டகையில் துறை மிதக்கிற துறை. தண்ணீரோடு தானும் ஏறும், இறங்கும். அங்கே குட்டையாகத்தான் கட்ட வேண்டும். இங்கே துறை மரத்தூண்கள்மேல் அசையாமல் நிற்பது. கயிற்றைத் தாராளமாக விட வேண்டும். அவர் கை பழக்கத்தில் கட்டியிருந்தது. தன் நடுங்கும் கைகளையும் நனைந்த குழந்தையையும் பார்த்துக்கொண்டே அவசரத்தில் கட்டியிருப்பார்.

மேலே கூப்பிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அன்செல்மோவின் ஞாயிற்றுக்கிழமைகளும் அத்தோடு முடிந்துவிடும்.

அவள் ஏணியில் இறங்கினாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. தொங்குகிற கயாக்கின் கனத்தில் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. மூக்கைத் தோளால் மேலே தூக்கினால்தான் கயிறு தளரும். தோளைக் கொடுத்தாள். காலையில் ஆற்றைக் கடந்த அதே தோள். தூக்க முடியவில்லை. கொஞ்சம் மூச்சு விட்டு, மறுபடி கொடுத்தாள். ஏறியது. ஒரு கையால் முடிச்சைப் பிரித்து, சேற்றுத் தண்ணீரில் கயாக் படிந்து உட்காரும்வரை கயிற்றை விட்டு, மறுபடி கட்டினாள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, நுனியை உள்ளே செருகி. அவர் கட்டுவது போலவே.

அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு தடவை கால் வழுக்கி முழுசாக உட்கார்ந்தாள். சேறு கழுத்துவரை தெறித்தது. எழுந்தாள். தண்ணீர் புகுந்ததைச் சாய்த்துக் கொட்டினாள். மேலே யாரோ சீட்டை அடித்துப் போட்டு ஏமாற்றுகிறாய் என்று சண்டை போடுவது கேட்டது. பிலார் சிரிப்பது கேட்டது. கைகள் வரமாட்டேன் என்றபோது பழைய ஜெபத்தை முதலிலிருந்து சொன்னாள். ஜெபமும் கயாக்குகளும் ஒன்றாகவே முடிந்தன.

கடைசி முடிச்சின் நுனியைச் செருகிவிட்டு, முதலில் குட்டையாகக் கட்டியிருந்தது தெரியாமலிருக்க, மிச்சக் கயிறுகள் சுருட்டியிருந்த இடங்களில் பலகைமேல் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். ஏணியில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பலகைகள் அதிர்ந்தன. அன்செல்மோ அரை ஓட்டமாக வந்துகொண்டிருந்தார்.

"மகளே, கயிறு... தண்ணி இறங்குதுன்னு இப்பத்தான் பாத்தேன். குட்டையாக் கட்டிட்டேனோன்னு..."

விளிம்பில் நின்று கீழே பார்த்தார். கயாக்குகள் சேற்றில் வரிசையாக, கயிறு தொய்ந்து, அமைதியாகக் கிடந்தன. அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"சரியாத்தான் கட்டியிருக்கேன். அந்த ஒராசியோ பேச்சைக் கேட்டு எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு, பாரேன்."

"அவன் அப்படித்தான் ஏதாச்சும் சொல்லிட்டிருப்பான்."

"ஆமா, உனக்கென்ன ஆச்சு? தலைமுடியெல்லாம் சேறு."

"துண்டு எடுக்க வந்தேன். ஏணியில வழுக்கிட்டேன்."

அன்செல்மோ வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறவரைப் போலச் சிரித்தார். "பால்மாஸையே தாண்டினவ ஏணியில விழுந்தியா? ஒராசியோவுக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா சொல்லிச் சொல்லிக் காட்டுவான்."

"காட்டட்டும்," என்றாள் சில்வினா. அவர் நீட்டிய கையைப் பிடித்து மேலே ஏறினாள்.