நாய் இருக்கிற வீடு

அலாவுதீனுக்கு நாலு நாய். காரைக்காலில் அவரைத் தெரிந்தவர்கள் யாரிடம் இதைச் சொன்னாலும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷன், இருபத்தெட்டு வருஷம் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராக இருந்து தருமபுரத்தில் மாடிவீடு கட்டியவர், போயும் போயும் நாயை வளர்க்கிறாரே என்று. அதுவும் ஒன்றென்றால் ஏதோ போகட்டும் என்று விடலாம்.

இதை ஆரம்பித்து வைத்தது அவர் மனைவி ஜொஹராதான் என்றால் யாரும் நம்புவதில்லை. அவர் வேலையை விட்டு ஊரோடு வந்துசேர்ந்த வருஷம், பக்கத்து மனையில் கம்பியும் சிமெண்டும் திருட்டுப் போயின. காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே கேட்டுவிட்டேன் என்றாள் ஜொஹரா. அப்படி வந்ததுதான் போலீஸ். ஒரு காது கிழிந்த காவி நிற நாய். போலீஸைத் தேடிச் செவலை வந்தது. செவலை ஈன்றதில் பிழைத்தது இரண்டு. ஒன்று குட்டைக்காலோடு பிறந்த கட்டை, இன்னொன்று பிஸ்கட் என்றால் உயிரை விடும் பிஸ்கட். நாலையும் வீட்டுக்குள் விடாமல், கையால் தொடாமல், எட்ட நின்றபடியே அதட்டி வளர்த்தாள் ஜொஹரா. கொரோனாவுக்கு அடுத்த வருஷம் அவள் மவுத்தாகிவிட்டாள். நாய்கள் அலாவுதீன் பொறுப்பில் வந்து விழுந்தன.

நாலு நாயை வைத்துக்கொள்வது சும்மா இல்லை. விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் முதலில் கைலியை மாற்றுவார். தொழுகைக்கு ஒரு கைலி, நாய்க்கு ஒரு கைலி. கோழிக்கடையில் வாங்கிய காலும் தலையும் குருணையோடு மஞ்சள் போட்டு வேகும். அந்த வாடைக்கே நாலும் முற்றத்தில் அவற்றுக்குப் போட்ட கொட்டகை வாசலில் வந்து நின்றுவிடும். தட்டுகளை ஆளுக்கொரு மூலையில் வைக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கட்டை தன்னுடையதை விழுங்கிவிட்டு அடுத்த தட்டில் மூக்கை விடும், செவலை பெற்ற பிள்ளை என்றும் பாராமல் கவ்வும், ரத்தக்களரியாகும். போலீஸுக்குப் பல் போய்விட்டது. அதற்கு மட்டும் எலும்பைப் பொறுக்கிவிட்டுப் பிசைந்து வைத்து, அது தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே குந்தியிருக்க வேண்டும். நகர்ந்தால் அதன் பங்கு அதற்கில்லை.

பிறகு உண்ணி பிடுங்குவார், காதுக்குச் சொட்டு மருந்து விடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாயைக் கண்டால் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தமாட்டார்கள். அதனால் ஒவ்வொன்றாகச் சங்கிலி போட்டு நடத்தியே கூட்டிப்போவார்.

எல்லாம் முடிந்தபின் கழுவுகிற வேலை. மார்க்கப்படி நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். இதற்கென்றே குழாயடியில் ஒரு வாளியில் சுத்தமான மண் வைத்திருந்தார். அவர் கழுவி முடித்து நிமிர்வதற்கும் பிஸ்கட் ஓடிவந்து நக்குவதற்கும் சரியாக இருக்கும். "உனக்குக் கொஞ்சங்கூட ஈமானே கெடையாதுடா" என்று அதைத் திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சில நாட்களில் அவர் வாய்விட்டுப் பேசிய பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏனென்றால் வீட்டுக்கு ஆள் வருவதில்லை. அவருடைய அக்கா அஜீசுன்னிசா ரயிலடிப் பக்கம்தான் இருக்கிறார். நாய் இருக்கிறதென்று வானத்து மலக்குகளே நுழையாத வீட்டுக்குள் நான் எங்கே நுழைவது என்று கேட்பார். பெருநாளைக்கு வட்டலப்பம் கொடுத்தனுப்பினால்கூட அது கேட்டுக்கு வெளியிலேயே கைமாறும். பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுகிறவர்களும் தெருமுனையில் சலாம் சொல்லிப் பிரிந்துவிடுவார்கள். ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றால், நாய் இருக்கிறதே பாய் என்று சிரிப்பார்கள். அலாவுதீனுக்கு அது நியாயமாகவே பட்டது. அவரவர் பேணுதல் அவரவருக்கு என்று விட்டுவிட்டார்.

விட முடியாதது மகள் விஷயம். ஒரே மகள் ரிஃபானா அபுதாபியில் இருக்கிறாள், புகுந்த வீடு நாகூர். போன லீவில் வந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நாய்கள் குரைத்த குரைப்பில் பிள்ளை வீரிட்டு அழுதது. "நாய் மட்டும் இல்லன்னா பத்து நாள் இங்கயே தங்கிருவேன் வாப்பா" என்றாள். சொல்லிவிட்டு வந்த காரிலேயே நாகூருக்குத் திரும்பினாள்.

அந்தப் பத்து நாளை அலாவுதீன் மனதில் வைத்துக்கொண்டே திரிந்தார். மகளும் பேரனும் மாடி அறையில் படுத்திருப்பது, காலையில் கீழே இறங்கி வருவது, மூன்று தட்டு வைத்துச் சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பார். இந்த ஜூலையில் வருகிறோம் என்று ரிஃபானா போனில் சொன்னதும் தீர்மானம் செய்துவிட்டார். பெற்ற மகளா, நாலு நாயா என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னிடமே கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டாரே தவிர, இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் விசாலாட்சிதான் கைகொடுத்தாள். அவள் வீட்டில் படகு உண்டு. கரையில் வலைக் கொட்டகைக்குக் காவல் இல்லாமல் டீசல் திருட்டுப் போகிறது என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். நாலையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் நாளைக்கு வந்து திருப்பிக் கேட்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள்.

குட்டியானை வண்டி வந்தது. மூன்றும் என்னவோ சுற்றுலா போகிற மாதிரி தாவி ஏறிக்கொண்டன. போலீஸ் மட்டும் ஏறவில்லை. அலாவுதீன்தான் தூக்கி ஏற்றினார். தூக்கும்போது அது அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. வண்டி தெருத் திரும்பி மறைந்தபிறகும் கழுவ வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து அழுதார். அறுபத்தாறு வயதில் நாய்க்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் நிற்கவில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினார். கொட்டகையைப் பிரித்தார். முற்றம், சுவர், கேட்டு, படி எதையும் விடாமல் மண் கரைத்து ஊற்றிக் கழுவினார். அவ்வளவு தேவையில்லை என்று ஹஜ்ரத்தே சொன்னார். தேவை வேறு, மனசு வேறு என்று அலாவுதீன் கேட்கவில்லை. கேட்டுக்குப் புதுப் பெயிண்டு அடித்தார். மாடி ஏசியைச் சரி பார்த்தார். பேரனுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

அப்படியே அக்காவைப் போய் அழைத்தார். லாத்தா, வீடு சுத்தமாகிவிட்டது, வந்து ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். அஜீசுன்னிசா சந்தோஷப்பட்டார், இன்ஷா அல்லா வருகிறேன் என்றார், முட்டிவலிதான் தம்பி, உன் வீட்டுப் படி உயரம் என்றார். அதே முட்டியோடு போன வாரம் நாகூருக்குப் போய்வந்ததை அலாவுதீன் கேட்கவில்லை. பள்ளியில் அழைத்தவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை, வெளியில் எதுவும் குடிப்பதில்லை. ஒருவருக்கு அவசரமாகக் கடை திறக்க வேண்டும். நாய் போனதும் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வியாதியும் வேலையும் வந்துவிட்டன.

பரவாயில்லை, மகள் வந்தால் போதும் என்றிருந்தார். ஆனால் காலைகள் பெரும்பாடாக இருந்தன. சுபுஹு முடிந்து வந்தால் கைலியை மாற்ற வேண்டியதில்லை. அடுப்பில் வைக்க எதுவும் இல்லை. தனக்கென்று டீ போட்டுக் குடித்தால் மணி ஏழுகூட ஆகியிருக்காது. நாய் வேலை என்று அலுத்துக்கொண்டதெல்லாம் எவ்வளவு பெரிய துணை என்று அப்போதுதான் தெரிந்தது.

ரிஃபானா ஊருக்கு வந்த நாலாம் நாள் தருமபுரம் வந்தாள். சமையல்காரரை வைத்து நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவும் செய்து வைத்திருந்தார் அலாவுதீன். கேட்டைத் திறந்தே போட்டிருந்தார். மகள் கேட்டருகில் வந்து பழக்கத்தில் நின்றாள். குரைப்புச் சத்தம் வரவில்லை. மெதுவாக உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நாயெல்லாம் எங்க வாப்பா? எனக்காகவா அனுப்பிட்டீங்க?"

"இல்லம்மா. வயசாயிடுச்சுல்ல, பாத்துக்க முடியல" என்றார்.

சாப்பிட்டார்கள். பேரன் சைக்கிளில் கூடத்தைச் சுற்றினான். சாப்பிட்டு முடித்ததும் பேச்சும் முடிந்துவிட்டது. ரிஃபானா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கார் நின்றது, டிரைவரை அவள் அனுப்பவில்லை. இங்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லையோ என்று போனைத் தூக்கிப் பார்த்தாள். மாடிக்குப் போய்வந்து ஏசி கொஞ்சம் சத்தம் போடுகிறது என்றாள். கொசு எப்படி என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அலாவுதீன் பதில் வைத்திருந்தார். டவருக்கு வைஃபை போட்டிருந்தார், ஏசிக்காரரைக் கூப்பிட்டால் வருவார், கொசுவுக்கு வலை அடித்திருந்தார். அவர் பதில் சொல்லச் சொல்ல மகள் முகம் இன்னும் சிறுத்துக்கொண்டே போனது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவள் காரணம் தேடுகிறாள். கையிலிருந்த ஒரே காரணத்தையும் நாம் பிடுங்கிவிட்டோம்.

அவள் கெட்டவள் இல்லை. அவர் ஷார்ஜாவில் இருந்த காலத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருவார். பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும். பழகி மடியில் உட்காரும் நேரத்துக்கு டிக்கெட் தேதி வந்துவிடும். அவள் வளர்ந்ததும், படித்ததும், காய்ச்சலில் கிடந்ததும் ஜொஹராவோடுதான். ஜொஹரா இல்லாத இந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. வாப்பா மேல் பாசம் உண்டு. பத்து நாள் ஒரே கூரைக்குக் கீழே என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. அதை எந்த மகள் வாயைத் திறந்து சொல்வாள்?

"நான் வேணா இன்னிக்கு ராத்திரி இருக்கட்டுமா வாப்பா" என்றாள் ரிஃபானா, தரையைப் பார்த்துக்கொண்டு.

 இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் இருப்பாள். விடியும் வரை விழித்துக்கொண்டு இருப்பாள்.

"மாமியார் தேடுவாங்கம்மா. இருட்டுறதுக்குள்ள கெளம்பு" என்றார்.

அவள் கார் ஏறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளை டிக்கியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் அதே குட்டியானையை அமர்த்திக்கொண்டு அலாவுதீன் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனார். விசாலாட்சி ஐஸ்பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் வந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நான் அப்பவே சொன்னேன்ல என்று வாய்க்குள் முனகினாள், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. செவலையும் பிஸ்கட்டும் மணலை வாரி இறைத்துக்கொண்டு ஓடிவந்தன. போலீஸ் வலைக் குவியல் மேல் கிடந்தது. எலும்பு துருத்திக்கொண்டு பாதியாகிவிட்டிருந்தது. கட்டை எட்டத்தில் நின்று ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டது.

"அந்தக் குட்டைக்கால் இருக்கட்டும் பாய். மீன் ருசி கண்டுடுச்சு, இனிமே ஒங்க கோழிக்காலு அதுக்கு எறங்காது" என்றாள் விசாலாட்சி. "இந்தக் கெழடத்தான் கொண்டு போங்க. சோறு வச்சா பக்கத்துல யாரோ வந்து ஒக்காரணும்னு பாத்துக்கிட்டே கெடக்குது. எனக்கு எங்க நேரம்?"

மூன்றையும் அழைத்துவந்தார். கொட்டகைக்கு மறுபடி கீற்று போட்டார். போலீஸ் பக்கத்தில் குந்தி, அது தட்டை நக்கி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அபுதாபிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ரிஃபானா நாகூரிலிருந்து போன் செய்தாள். குரல் ஒட்டாமல் இருந்தது. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கேஸ் வண்டி போனது. பிஸ்கட் கேட்டில் ஏறி நின்று குரைத்தது.

"அது என்ன வாப்பா சத்தம்?"

"நாய்தாம்மா. திரும்பக் கூட்டியாந்துட்டேன்."

 அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"என்ன வாப்பா நீங்க. அப்பறம் நாங்க எப்படி வந்து தங்குறது?" குரலில் இறுக்கம் விட்டுப்போயிருந்தது. உரிமையோடு கோபித்துக்கொண்டாள்.

"அதாம்மா. நாய் இருக்கே, புள்ளைய வச்சிக்கிட்டு நீ எப்படித் தங்குவ" என்றார் அலாவுதீன்.

அதற்குப்பின் ரிஃபானா பேச ஆரம்பித்தாள். இந்த வயதில் நாய்களை வைத்துக்கொண்டு என்ன கஷ்டம் என்று திட்டினாள். போலீஸுக்குப் பல் இல்லையா, அப்போ என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். உம்மா அதை விரட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க ஓடியதைச் சொல்லிச் சிரித்தாள். ஜொஹரா போன பிறகு அவள் அவரிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

கேஸ் வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. பிஸ்கட் ஓய்ந்து திரும்பிப் பார்த்தது. அலாவுதீன் போனைக் காதில் வைத்தபடி அதன் முதுகில் மெல்லத் தட்டி, இன்னும் கொஞ்சம் குரைக்கச் சொன்னார்.