பாவு முடியட்டும்

சோமனூரில் தறிக்குடோனை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில், யுவஸ்ரீ குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட கயல்விழி இப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். காதல் கல்யாணம் என்று இரு வீட்டாரும் ஒதுக்கிவிட்டதால், பிள்ளையைப் பார்க்க யாரும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாத தறிச் சத்தம். இந்தப் பக்கம் அவள் மட்டும்.

சாப்பிட வந்த கணவன் கதிரேசனிடம் மறுபடியும் கேட்டாள்.

"ஏனுங்க, பொறந்து ஒரு மாசத்துக்குள்ள கண்ணு டாக்டர்கிட்டக் காட்டோணும்னு பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்கல்ல? நாளைக்குப் போலாமுங்களா?"

"தறியில ஏத்துன பாவு நூலு பாதியில நிக்குது அம்மணி. அத நெய்து முடிச்சுப்போட்டுப் போலாம். இவ கண்ணுக்கு என்ன கொறச்சல்? உன்னையாட்டவே முட்டக்கண்ணு!"

அவள் சிரித்துவிட்டாள். அத்தனை சிறிய உயிரோடு தனியே பஸ் ஏற அவளுக்கும் பயம்.

அந்தப் பாவு முடிந்ததும், அவசர ஆர்டர் என்று முதலாளி அடுத்ததை ஏற்றினார். அதுவும் முடிவதற்குள் கயல்விழிக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது. வளையல் குலுங்கினால் திரும்பினாள். யுவஸ்ரீ சத்தமில்லாமல் குனிந்து சிரித்தால், அம்மாவின் முகத்தைத் தாண்டி எங்கோ பார்த்தாள்.

கோவை கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடலட்சுமி நெடுநேரம் சோதித்தார்.

"குறைமாசத்துல பொறந்ததால ரெண்டு கண்ணுலயும் விழித்திரை பிரிஞ்சிடுச்சும்மா. ஆபரேஷன் பண்ணினாலும் வெளிச்சம் தெரிஞ்சாலே பெரிசு. அப்பவே வந்திருந்தா லேசர்லயே காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு."

"வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியலீங்களே டாக்டர்!" என்றான் கதிரேசன்.

"தெரியாதுப்பா. அதனாலதான் வரச் சொல்றோம்."

யுவஸ்ரீ அவனைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும், நாட்கள் போயும், அவனிடம் பேசவில்லை.

சில மாதம் கழித்து, பக்கத்துத் தறிக்காரன் அன்புமணிக்கும் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. கண் டெஸ்டுக்குக் கூட்டிப் போனாயா என்று கதிரேசன் கேட்டான். "கண்ணு டெஸ்டா? இந்தப் பாவு முடியட்டும் மாப்ள" என்று அவன் சொன்ன நிமிடத்தில், கதிரேசன் எட்டி அவன் தறியை நிறுத்தினான்.

"ஏன்டா! மொதலாளி கத்துவாரு!"

"கத்தட்டும். கொறமாசக் கொழந்தைக்குக் கண்ணு பளிச்சுன்னுதான் இருக்கும். அத நம்பிப்போடாத. ஒரு மாசத்துக்குள்ள டாக்டர் பாத்தே ஆகோணும். நாந் தள்ளிப்போட்டேன். எம்புள்ளைக்கு அவங்கம்மா மொகம் எப்படியிருக்கும்னு இனி நாந்தான் வாயால சொல்லோணும். நீயாவது இன்னைக்கே கெளம்பு."