கடைசியிலிருந்து மூன்றாவது பெஞ்சு

தோர்ப்பி ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு எழுநூறு வயது. அந்த எழுநூறு வருஷத்தில் அங்கே ஒரு கழிப்பறை வேண்டும் என்று ஒரு போதகருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் அவசரத்துக்குக் கல்லறைத் தோட்டத்துக் கிழட்டு யூ மரத்தின் பின்னால் ஒதுங்குவார்கள். பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர் குடிக்கமாட்டார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. யாரும் இதை எழுதி வைக்கவில்லை. அம்மா சொல்லாமலே மகளுக்குத் தெரிந்துவிடும்.

ஆவிஸ் தன் எழுபத்தாறாவது வயதில், ஓர் அறுப்பின் பண்டிகையன்று, மறதியாக இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனாள். வெளியூர்ப் போதகர் பிரசங்கத்தை முடிக்கிறதாக இல்லை. ஒருவழியாக அவர் முடித்துப் பாட்டு தொடங்கும்போது ஆவிஸ் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக் கல் தரையில் ஓடியது. ஊரே திரும்பிப் பார்த்தது என்று சொன்னால் பொய். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் பாமாலைப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு வழக்கத்தைவிட உரக்கப் பாடினார்கள். அவள் புருஷன் ஆர்னால்ட் தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றி வெளியே கூட்டிப்போனார்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் இங்கயே ஜெபம் பண்ணிக்கறேன்."

"ஒரு வருஷம் பொறு கண்ணு. உள்ளயே ஒண்ணு கட்டிக் காட்டறேன், பாரு."

ஆர்னால்ட் உருளைக்கிழங்கு விவசாயி. கோயில் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். ஒரு குழி, ஒரு குழாய், ஒரு கதவு, இதற்கு எத்தனை நாள் ஆகிவிடும் என்று நினைத்தார். பாவம். கூரையில் வௌவால் இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம், அது குட்டி போடும் மாதங்களில் சுத்தியல் தட்டக்கூடாது என்றார்கள். தோண்டினால் எலும்பு வரும், ஆராய்ச்சிக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார்கள். வெறும் கழிப்பறைக்கு யாரும் நன்கொடை தரமாட்டார்கள், ஊருக்குப் பயன்படுவதாகக் காட்டுங்கள் என்றார்கள். ஆகவே சமையலறை சேர்ந்தது, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் சேர்ந்தது, தனியாகக் கிடக்கும் கிழடுகளுக்குப் புதன்கிழமைச் சாப்பாடு சேர்ந்தது. இத்தனைக்கும் இடம் வேண்டுமே? மரப் பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டு அடுக்கி வைக்கிற நாற்காலி போடுவதாக முடிவானது. கொசுவை விரட்டப் போனவர் வீட்டையே இடித்த கதை.

பெஞ்சை எடுக்கக்கூடாது என்று எதிர்த்து நின்றவர் க்ளெம். கோயில் மணியடிக்கிறவர், ஆர்னால்டோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். வழக்கு திருச்சபை நீதிமன்றம் வரை போய் இரண்டு வருஷத்தைத் தின்றது. தோற்ற பிறகு க்ளெம் ஆர்னால்டின் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"எல்லாத்தையும் தூக்கிக்கோ. கடைசியிலேருந்து மூணாவத மட்டும் விட்டுடு."

"எதுக்கு?"

"அது ஆவிஸ் பெஞ்சுடா. அவளுக்குத்தான் ஒவ்வொண்ணா மறந்துக்கிட்டு வருதே. உள்ள வந்தா பழகினது ஒண்ணாவது கண்ணுல படட்டும்."

"அதுதான் மொதல்ல போகணும். ஒன் வேலையப் பாத்துக்கிட்டு போ."

கதவைச் சாத்திவிட்டார். அந்தப் பெஞ்சின் பக்கப் பலகையில் ஒரு முயல் செதுக்கியிருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஆவிஸ் பிரசங்க நேரம் முழுக்க அதன் காதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பாள். ஐம்பது வருஷத்தில் காது தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஆர்னால்டுக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் அவர் கண்ணுக்கு முயல் தெரியவில்லை, அந்த ஈரம்தான் தெரிந்தது. பெஞ்சு இருக்கிறவரை ஊர் அதை நினைக்கும், அது போனால் அவமானமும் போகும் என்று நம்பினார். ஆவிஸ் அந்த நாளை எப்போதோ மறந்துவிட்டாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. பெஞ்சுகளை லாரியில் ஏற்றிப் பக்கத்து டவுனில் ஒரு மதுக்கடைக்கு விற்றார்கள்.

ஆறாவது வருஷம் வேலை முடிந்து, பேராயர் வந்து திறந்து வைத்தார். ஆர்னால்ட் ஆவிஸுக்கு நீலக் கோட்டை மாட்டிக் கூட்டிவந்தார். நேராகக் கழிப்பறைக்குத்தான் கூட்டிப்போனார். வெள்ளை ஓடு, பிடித்துக்கொள்ளக் கம்பி, குழாயைத் திருகினால் வெந்நீர்.

"யாரு வீடு இது? நல்லா வெச்சிருக்காங்க," என்றாள் ஆவிஸ்.

"நம்ம சர்ச் கண்ணு. ஒனக்காகத்தான்."

"சும்மா இரு. என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போறேன்னு சொன்னியே."

வெளியே வந்ததும் பேராயர் கை நீட்டினார். ஆர்னால்ட் குலுக்குவதற்காக அவள் கையை விட்டார். கொஞ்ச நேரந்தான். அதற்குள் அவள் ஞானஸ்நானத் தொட்டியைத் தாண்டிப் போயிருந்தாள். சுவரும் தரையும் அந்நியமாக இருந்தாலும் காலுக்கு வழி தெரிந்தது. தொட்டியிலிருந்து ஆறு எட்டு வைத்தாள், திரும்பினாள். முயலைப் பிடிக்க இடது கையை நீட்டி, ஐம்பது வருஷப் பழக்கத்தில் உட்கார்ந்தாள்.

உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

இடுப்பெலும்பு முறிந்த சத்தம் முதல் வரிசை வரை கேட்டது. இந்த முறை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம் நுரையீரலில் சளி கட்டியது. இனி அதிக நாள் இல்லை, கூடவே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்னால்ட் கூடவே இருந்தார். அவள் கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "ஞாயித்துக்கெழம ஆச்சே, கெளம்பலியா?" தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செய்ததெல்லாம் அவளுக்காக, அதுவே அவளைக் கொல்கிறது.

ஒருநாள் மத்தியானம் க்ளெம் ஒரு கோணிப்பையோடு வந்து நின்றார்.

"திட்டறதுன்னா வெளியில வெச்சுத் திட்டு," என்றார் ஆர்னால்ட்.

"திட்ட வரலடா. மதுக்கடைக்காரன் கால்ல விழாத கொறையாக் கெஞ்சி, அறுத்து வாங்கிட்டு வந்தேன்."

பைக்குள் அந்தப் பக்கப் பலகை இருந்தது. இருவரும் அதைக் கட்டிலோரம் சாய்த்துப் பிடித்தார்கள். ஆர்னால்ட் அவள் இடது கையை எடுத்து முயலின் மேல் வைத்தார். கட்டைவிரல் ஒருமுறை தடுமாறி, தேய்ந்த காதைக் கண்டுகொண்டது. ஆவிஸ் கண் திறந்தாள். முகம் தெளிந்துவிட்டது.

"வந்துட்டோமா?"

"வந்துட்டோம் கண்ணு."

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே கிடந்தாள். பிறகு முகம் சுருங்கியது. பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஆர்னால்ட், எனக்கு ஒண்ணுக்கு வருது. இங்க எடம் கெடையாதே."

"இருக்கு ஆவிஸ். கட்டியாச்சு. வெள்ளை ஓடு போட்டு, உள்ளயே கட்டியாச்சு."

அவள் நம்பவில்லை. கேலி பண்ணாதே என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு முயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல, நீ பாட்டப் பாடு," என்றாள். "முடியிற வரைக்கும் நான் அடக்கிக்கறேன்."