குறையாத எண்ணெய்

மகள் போன் செய்தபோது என் கணவர் வாசலில் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு அதுதான் பிழைப்பு. துடைப்பார், உள்ளே விடுவார், மறுபடி உருவுவார், அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாத்தியா, மேல்கோட்டையும் தாண்டி நிக்குது. ஒரு சொட்டு குடிக்கலை. இப்படி ஒரு சிக்கனமான இன்ஜின் எங்கயாவது உண்டா?"

"நம்ம வீட்டு சர்க்கரை டப்பாவுக்கும் அந்தப் புத்தி வந்தா தேவலை" என்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

மகள் ரகசியக் குரலில் பேசினாள். "அம்மா, அப்பாவைக் கார் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இன்னைக்கே. என் வீட்டுக்காரரும் அத்தையும் வெளிய போயிருக்காங்க, இருட்டுறதுக்குள்ள வந்துடுவாங்க. விடிஞ்சதும் எங்களை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறாராம். எந்த ஊருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்."

"நீ குழந்தையைத் தூக்கிட்டு ஒரு டாக்ஸி பிடிச்சு வந்துடேன்டி."

"கதவு வெளிய பூட்டியிருக்கும்மா. கால்ல வேற கட்டு."

போன வாரம் படியில் விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். "விழலைம்மா" என்றாள். போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம். அவரோட அண்ணன் அங்கதான் வேலை பாக்குறார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போனால் நடுராத்திரி ஆகிவிடும். காரில் போனால் வெயில் சாய்வதற்குள் போய்விடலாம். சொல்லப்போனால் அந்தக் காரை வாங்கியதே இதற்குத்தான். அவளைக் கட்டிக்கொடுத்த வருடம், "பொண்ணு ஒரு குரல் கொடுத்தா நாம போய் நிக்கணும்" என்று சொல்லித்தான் அந்தச் சின்ன டீசல் காரை வாங்கினார். அன்றிலிருந்து அந்த ஒரு குரலுக்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்தார். அவர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர், ஒரு தாளைக்கூட நோகாமல் புரட்டுகிற கை. காரையும் அப்படித்தான் ஓட்டினார். வீட்டிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து வீடு, நடுவில் நாலே தெரு. தெருவில் அவருக்கு முப்பது சார் என்று பெயர். வேகமுள் முப்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பட்டறைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "சார், இது டர்போ டீசல். மாசத்துக்கு ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில விட்டு நல்லா விரட்டுங்க. சூடு ஏறினாத்தான் புகை வடிகட்டியில படிஞ்ச கரி எரியும். எண்ணெயையும் காலாகாலத்துல மாத்திடுங்க."

"குறையவே இல்லாத எண்ணெயை எதுக்கு மாத்தணும்? நல்லா இருக்கிற இன்ஜினை எதுக்கு வதைக்கணும்?" என்று கேட்டுவிட்டு வந்தவர், பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே போகவில்லை. டேஷ்போர்டில் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்ததும், கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். இப்படிப்பட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

ஆனால் அன்றைக்கு அவர் ஓட்டிய ஓட்டம்! ஊர் எல்லையைத் தாண்டியதும் முள் எண்பதைத் தொட்டது. முப்பது சார்தானா இது என்று நானே வாயைப் பிளந்தேன். குழந்தைக்கு ஒரு போர்வையும், பூட்டை உடைக்க ஒரு சுத்தியலும் என் மடியில் இருந்தன. "தெம்பா இழுக்குது பார், இந்த நாளுக்காகத்தான் வச்சிருந்தேன்" என்றார். நானும் நம்பினேன்.

மலை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் உறுமியது. முந்திய பிறகு காலை எடுத்தார், உறுமல் நிற்கவில்லை. ஓரங்கட்டி கியரை விடுவித்தால் இன்னும் கத்தியது. சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டார், அப்போதும் கத்தியது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்கு நீலப்புகை.

எதிரே இறங்கி வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "சாவியால நிக்காது சார்! பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அஞ்சாவது கியரைப் போட்டுக் கிளட்சை டக்குனு விடுங்க! செத்து நிக்கும்!"

என் கணவர் கியரில் கையை வைத்தார். வைத்த கை அசையவில்லை.

"கிளட்ச் போயிடுமே..." என்றார்.

"யோவ், இன்ஜினே போகுதுய்யா!"

அந்த நேரத்திலும் கிளட்சுக்காகப் பார்த்தார் பாருங்கள், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவர் மனதைத் தேற்றிக்கொண்டு கிளட்சை மிதிப்பதற்குள் உள்ளே ஏதோ படீரென்று உடைந்தது. எல்லாம் அடங்கிவிட்டது.

லாரிக்காரர் பானட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவி மோந்து பார்த்தார். "இதுல பாதி டீசல். ஊருக்குள்ளயே உருட்டுனீங்களா?"

"பூப்போலதான் ஓட்டினேன்" என்றார் இவர்.

"அதான். கரியை எரிக்கணும்னு இன்ஜின் கூடக் கொஞ்சம் டீசலைத் தெளிச்சுக்கிட்டே இருக்கும். எரியறதுக்குள்ள நீங்க அணைச்சுட்டா, அது கீழ எண்ணெயில இறங்கிடும். மேட்டுல மிதிச்சதும் எண்ணெய்த் தொட்டியில இருந்ததை இன்ஜின் அதுவே உறிஞ்சி ஓடியிருக்கு, அதான் சாவிக்கு அடங்கலை."

வாராவாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது இதைத்தான். லாரி போக வேண்டியது மறுபக்கம். சரக்கோடு மலையில் திருப்பவும் முடியாது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். நாங்கள் முந்திய பஸ் அதற்கு முன்பே எங்களைத் தாண்டிப் போயிருந்தது. நான் கை காட்டிய கார்களில் ஒன்றுதான் நின்றது, அதுவும் அடுத்த வளைவோடு திரும்பிவிடும் என்றார்கள். இவர் சாவியைக் கையில் பிடித்தபடி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு வேகமாக வெயில் இறங்கி நான் பார்த்ததில்லை.

இருட்டிய பிறகு மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளை பேசினார்.

"என்ன அத்தை, இவ போன்ல கடைசியா கூப்பிட்டது உங்க நம்பர். ஏதாவது அவசரமா?" எப்போதும்போல மரியாதையான குரல். "இந்தாங்க, அவளே பேசுறா."

"அம்மா, நான் சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள் மகள். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல இருந்தது. "வராதீங்க. ஊர் மாறினதும் நானே பேசுறேன். அப்பாகிட்டக் கொடுங்க."

போனை அவர் காதில் வைத்தேன். அவளுடைய குரல் எனக்கும் கேட்டது. கார் வாங்கிய நாளிலிருந்து அவரைச் சீண்டுவதற்காக அவள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையே கேட்டாள்.

"அப்பா, கார் நல்லா இருக்கா?"

அவர் பானட் திறந்தபடி கிடந்த காரைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்லை. நீ?"

"நானும் அப்படித்தான்ப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.