தந்தியைத் தொடாத வில்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள். என் அக்காவின் சமையலறையில், அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எடுத்தது. எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எழுதுகிறேன்.

இறந்து இருநூறு ஆண்டாகும் ஒரு மேதையின் சிம்பொனியை அக்காவின் இசைக்குழு வரும் சனிக்கிழமை வாசிக்கிறது. ‘இந்த மனிதரை ஏன் இன்னும் கேட்கிறோம்?’ என்று கலைஞர்களைக் கேட்டு, விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

2

தொடக்கம் (அ): காலத்தை வென்ற இசை என்பது—

வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படித்ததில்லை.

தொடக்கம் (ஆ): முரசுக்காரர் சொன்னார்: “நூத்திப்பத்து வரைக்கும் எண்ணிக்கிட்டே சும்மா உக்காந்திருப்பேன். அப்புறம் சரியா என்னைக் கூப்பிடுவார். செத்துப்போன மனுஷன், ஒருதடவைகூட என்னை மறந்ததில்ல.”

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுத உட்காரும்போதெல்லாம் அக்கா சொன்னது குறுக்கே வந்து நிற்கிறது.

3

அக்கா வயோலா வாசிப்பவள். (வயலினுக்கு மூத்தவள்: கொஞ்சம் பெரிய உடம்பு, கனத்த குரல், யாரும் கவனிப்பதில்லை.) ஆறு பேரில் கடைசி நாற்காலி, இருபத்திரண்டு வருடமாக. அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். “எட்டு மாசமா இடதுகை சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேக்கலடா. மூணாம் பகுதியில வேகமா வருமே, ஒத்திகையில அங்க நான் வாசிக்கறதே இல்ல. வில்லை மட்டும் ஆட்டுவேன், தந்தியில படாது.”

“யாருக்கும் தெரியலையா?”

“தெரியலையே. அஞ்சு பேர் வாசிச்சாலே அது நிக்குது. இத்தனை வருஷமா என் விரலைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இப்பத்தான் முதல் தடவையா அவரைக் கேக்கறேன். எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?” என்று சிரித்தாள்.

மறுநாளே குழுவின் நடத்துநர் அவளைக் கூப்பிட்டார். முதல் நாற்காலிக்காரர் விடுப்பு. மிச்சமிருப்பவர்களில் மூத்தவர் நீங்கள்தான், சனிக்கிழமை அங்கே உட்காருங்கள். இருபத்திரண்டு வருடம் அவள் ஆசைப்பட்ட நாற்காலி. நடத்துநரின் மூக்குக்கு நேர் கீழே. தவிர, ஐந்து பேரில் அவளும் போனால் நான்கு. நான்கு பேரில் அது நிற்குமா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மேடையிலேயே மானம் போகும்.

4

(சத்தியத்தைக் காப்பாற்ற ஒரு வேஷம் போட்டுப் பார்த்தேன். அக்காவை ஓபோ என்ற குழலை வாசிக்கும் ஆளாக மாற்றினேன். மீசைகூட வைத்தேன்.)

முடிவு ஒன்று: அன்று மட்டும் விரல் அதிசயமாக— சே.

முடிவு இரண்டு: நடத்துநர் கண் கலங்கி அவரை மன்னித்து— அந்த மனிதருக்குக் கலங்குகிற கண்ணே கிடையாது.

5

மனசு கேட்கவில்லை. நேற்று எல்லாத் தாள்களையும் அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டினால் ஓடுவதற்கு வசதியாகக் கதவருகே நின்றேன். பென்சிலும் கையுமாகப் படித்தாள்.

“ஓபோக்காரன் வாசிக்காம விட்டா ஹால் முழுக்கத் தெரியும்டா, மக்கு. வயோலான்னே போடு.”

“போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே, அக்கா.”

“எனக்கு நேர்ல சொல்ல வாய் வரல. இது சொல்லட்டும்.”

தாள்களைத் திருப்பித் தந்தாள். ஒரே இடத்தில்தான் பென்சில் கோடு. “சிரிச்சேன்னு எழுதியிருக்க. நான் சிரிக்கல.”

அந்தச் சொல்லை மேலே அப்படியே விட்டிருக்கிறேன். அவள் என்ன செய்தாள் என்பதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

6

இன்று செவ்வாய்க்கிழமை. அச்சகத்துக்குக் கிளம்பி மூன்று முறை பாதியில் திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் இதை அரங்கில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால் நாலாவது முறை போய்ச் சேர்ந்திருக்கிறேன். குழுவில் எல்லோரும் படித்தும் இருப்பார்கள். வயோலாவின் முதல் நாற்காலியில் அவள் இருக்கிறாளா, வேறொருவரா? எனக்குத் தெரியாது. விளக்கு அணைவதற்குள் நீங்களே எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள்தான் என்றால் ஓர் உதவி. மூன்றாம் பகுதி தொடங்கியதும் வில்லைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நன்றாக இருக்கும் என்று அக்கா சொன்னாள்.