இரண்டு பாலங்களுக்கு நடுவே

ஒரு வாரப் பத்திரிகையில் சென்னைக் கடற்கரையில் அதிகாலையில் ஓடுகிறவர்களைப் பற்றிப் படத்தோடு போட்டிருந்தார்கள். உப்புக்காற்றாம், அலையாம், சூரிய உதயமாம். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் உத்தமபாளையத்தில் ஓடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றின் கால்தூசு பெறாது அந்தக் கடற்கரை என்று என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பிரதிக்குக் காசு கொடுத்துப் போனார்கள்.

முதல் வழி, புளியமரங்கள் நிழலடித்த கோம்பை ரோடு. இரண்டாவது, ஆற்றுப் பாலத்திலிருந்து தென்னந்தோப்புகளைச் சுற்றி வருவது. மூன்றாவது வாய்க்கால் கரை. இடது கைப்பக்கம் கதிர் முற்றிய நெல், வலது கைப்பக்கம் திராட்சைப் பந்தல், நேரே மேற்கு மலை. கிழக்கே சூரியன் மேகமலைக்குப் பின்னாலிருந்து தலைகாட்டுவதற்கு முன்பே அந்த மலையின் உச்சி சிவந்துவிடும். வழியில் இரண்டு சின்னப் பாலங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே எண்ணூறு மீட்டர், மேடுபள்ளமில்லாத செம்மண் கரை. ஓடுவதற்கென்றே எவனோ போட்டுவைத்தது மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு குறை, அங்கே நாய்கள் இருந்தன.

அந்த எண்ணூறு மீட்டரும் உசேன் ராவுத்தரின் திராட்சைத் தோட்டத்தை ஒட்டியது. திருட்டுக்குப் பயந்து மூன்று கோம்பை நாய்களை வைத்திருந்தார். செவலை உடம்பு, கரிபிடித்த வாய். இரவில் அவிழ்த்துவிட்டால் காலை ஆறரைக்கு வந்துதான் கட்டுவார். அதுவரை வேலி, கரை எல்லாம் அவற்றின் ராஜ்ஜியம். அவை குரைத்து நான் கேட்டதில்லை. கட்டிப்போட்ட பிறகு ஓடினாலும், சங்கிலி இழுபட எழுந்து நின்று, நாம் கண்ணை விட்டு மறையும் வரை பார்க்கும். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

2009-இல் நோன்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது. சகர் சாப்பாட்டுக்கு எழுந்து, விடியற்காலைத் தொழுகையும் முடித்த கையோடு ராவுத்தர் நேராகத் தோட்டத்துக்கு வந்தார். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடவேண்டுமே. அதனால் ஐந்தேகாலுக்கெல்லாம் நாய்கள் சங்கிலியில் இருந்தன. ஐந்தரைக்கு அந்தக் கரை எங்களுடையதாயிற்று. ஒரு மாதத்துக்கு ஊரிலேயே அழகான வழி எனக்குச் சும்மா கிடைத்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு என்றால், ராஜாத்திக்கு. என் மனைவி மாரியின் தங்கை. தேவதானப்பட்டியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டத் தேர்வுக்கு அக்டோபர் முதல் வாரம் மதுரைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வயது வரம்புக்கு அதுதான் கடைசி வருஷம். இதில் தவறினால், தையில் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதென்று அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். தாய்மாமனுக்கு நாற்பத்தொரு வயது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. விடியுமுன் எழுந்து ஷூவை மாட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

நானும் ஒரு காலத்தில் அதே தேர்வுக்கு ஓடியவன். கடைசிச் சுற்றில் விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு கணம் நின்றேன். நாலு வினாடியில் போயிற்று வேலை. அந்த நாலு வினாடியை நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். அதனால் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

“நிக்கக் கூடாது. முள்ளு குத்துனாலும் சரி, மூச்சு முட்டுனாலும் சரி. நின்னா போச்சு.”

“நிக்க மாட்டேன் மாமா,” என்பாள்.

நோன்பின் இரண்டாவது வாரம் ராவுத்தர் என்னை வேலியோரம் கூப்பிட்டார். ராஜாத்தி அதற்குள் இரண்டாவது பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தாள்.

“சுயம்பு, அந்தப் பிள்ளைட்ட ஒண்ணு சொல்லி வைங்க. இதுக என்னைக்காச்சும் அவுந்து கெடந்துச்சுன்னா ஓடக் கூடாது. அப்பிடியே நின்னுறணும். நின்ன ஆளைத் தொடாது. சுத்தி உக்காந்துக்கிரும், அம்புட்டுத்தான். ஓடுனா விடாது.”

“சொல்லிர்றேன் ராவுத்தரே.”

சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அன்று காலை அந்த எண்ணூறு மீட்டரை அவள் மூன்றே கால் நிமிடத்தில் ஓடியிருந்தாள். நாய் நினைப்பை மண்டையில் ஏற்றிவிட்டால் அந்த இடம் வந்ததும் கால் தானாகத் தயங்கும். நாய்கள்தான் சங்கிலியில் கிடக்கின்றனவே, பிறகு எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாவி, அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசி வாரம், பின்னாலேயே வரும் என் மொபெட் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்றாள். அதனால் ஸ்டாப் வாட்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு, நான் சுற்றிப்போய் கோம்பை ரோட்டில் ஒச்சாண்டியின் டீக்கடையில் காத்திருக்கத் தொடங்கினேன். வாய்க்கால் கரை ரோட்டில் ஏறும் இடம் அது. இரண்டாவது பாலம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராவுத்தர் என் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கடைவீதியில் நடக்க இடமில்லை.

“பெறை தெரிஞ்சிருச்சு சுயம்பு. நாளைக்கு மதியம் வீட்டுக்கு வந்துருங்க. மாரியையும் அந்த ஓட்டக்காரப் பிள்ளையையும் கூட்டிட்டு வரணும், ஆமா.”

“பிரியாணின்னா கூப்பிடாமலே வருவேனே,” என்றேன். இருவரும் சிரித்தோம்.

நோன்பு முடிந்தது என்று அவரே சொன்னார், நானே கேட்டேன். நோன்பு முடிந்தால் சகர் கிடையாது, விடியலில் தோட்டத்துக்குப் போகிற வேலையும் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவருக்கு மறுநாள் விருந்து நினைப்பு. எனக்கு மூன்றே கால் நிமிடத்தை மூன்றாக்கும் நினைப்பு.

மறுநாள் ஐந்தரைக்கு ராஜாத்தியை முதல் பாலத்தில் இறக்கிவிட்டேன். காற்றே இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் ராவுத்தரின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. கரண்ட் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

டீயை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பேன். ஊர்ப் பக்கமிருந்து பெருநாள் தக்பீர் முழங்க ஆரம்பித்தது. வழக்கமான பாங்கு இல்லை. பல குரல்கள் சேர்ந்து, திரும்பத் திரும்ப.

“இன்னைக்கு பாய்மாரு வாடிக்கை ஒண்ணும் வராது,” என்றார் ஒச்சாண்டி, பால் சட்டியைக் கிளறியபடி. “குளிச்சு, புதுசு உடுத்தி, நேரா தொழுகைக்குப் போயிருவாக. தோட்டத்துப் பக்கம் யாரு வரப்போறாக?”

டம்ளரைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. மொபெட் மூன்று மிதிக்குக் கிளம்பவில்லை. நாலாவது மிதியில் கிளம்பியது. கரையில் ஏறியபோது மேற்கே மலை உச்சி சிவந்திருந்தது. அன்றைக்குப் போல அது என்றும் அழகாக இருந்ததில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராஜாத்தி இரண்டாவது பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். இடது கெண்டைக்காலில் சதை திறந்து கிடந்தது. ஷூவுக்குள் ரத்தம் நிறைந்து வழிந்தது. வலது தொடையிலும் பல் பதிந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கள் எல்லை முடிகிற இடத்தில், மூன்று நாய்களும் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. எதுவும் குரைக்கவில்லை.

அவள் அழவில்லை.

“நிக்கல மாமா,” என்றாள். “மூணும் கால்ல தொங்குச்சு. நீங்க சொன்னாப்ல நிக்கவே இல்ல.”

ஸ்டாப் வாட்ச்சை என் பக்கம் நீட்டினாள். பாலத்தைத் தொட்டதும் அதை நிறுத்தியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் ராவுத்தரின் ஸ்கூட்டர் கரையில் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலெல்லாம் அத்தர் மணம். தொழுகைக்கு முன் நாய்களைக் கட்டிவிட்டுப் போகலாமென்று வந்தவர், எங்களைப் பார்த்ததும் வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நாய்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார். அவை வாலை ஆட்டின. தோளில் கிடந்த புதுத் துண்டை இரண்டாகக் கிழித்து அவள் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“யா அல்லா, நான் ஒரு மடையன். நேத்தே சொல்லியிருக்கணும். நல்ல நாள் மயக்கத்துல விட்டுட்டேன்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். “ஆனா ஆத்தா, நின்னுருக்கலாம்ல? நின்னா தொடாதுன்னு அன்னைக்கே சொல்லி விட்டேனே. மாமா சொல்லலையா?”

ராஜாத்தி என்னைப் பார்த்தாள். நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தேன். மதுரைக்குப் போக இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அந்தக் காலோடு அவள் எங்கும் ஓடப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

“சொன்னாக,” என்றாள் ராஜாத்தி. “நல்லாத்தான் சொன்னாக. நாந்தான் நிக்கல.”

ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் வரச்சொன்னார். வேண்டாம், நீங்கள் தொழுகைக்குப் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு அவளாகவே நொண்டிவந்து என் மொபெட்டில் ஏறினாள். ஒரு மாதமாக ஏறி உட்கார்ந்ததும் என் தோளைப் பிடித்துக்கொள்வது அவள் பழக்கம். பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் பின்னால் இருந்த கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.