முன்மாதிரி நோயாளியின் எடை

எழுதத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். கதை எழுதுவதற்கென்று கற்றோரும் தேர்ந்தோரும் இருக்கையில், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் ஊசி குத்திப் பிழைக்கும் ஒரு செவிலி அவர்கள் நடுவே மூக்கை நுழைப்பது அழகன்று. ஆயினும் எங்கள் மேலாளர் அவர்களின் சாதனையை எழுதிவைக்க வேறு எவரும் முன்வராத காரணத்தால், அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் எங்கள் பிரிவுக்கு வாரம் மூன்று முறை வருவார்கள். சாய்வு நாற்காலியில் அரை நாள் கிடந்து, தங்கள் இரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பிக் கழுவித் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். அவர்கள் குடிக்கும் நீர் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், வந்தவுடன் எடை மேடையில் ஏற்றுவோம். மிகைநீர் இல்லாதபோது இன்னாருக்கு இவ்வளவு எடை என்று மருத்துவர் குறித்திருப்பார். அதற்கு மேல் ஏறியிருப்பது தண்ணீர். அதை இயந்திரம் இழுத்துவிடும். அந்த எண் பிழைத்தால் அதன்பின் நாங்கள் செய்வது அனைத்தும், எவ்வளவு சிரத்தையோடு செய்தாலும், பிழைதான்.

மேலாளர் அவர்கள் எங்களிடம் வருமுன் ஒரு பெரிய அங்காடியை நிர்வகித்தவர். நோயாளிகளை "வாடிக்கையாளர்" என்று அழைக்குமாறு பணித்தார். பின்னர் இரண்டு சீர்திருத்தங்களைக் கொணர்ந்தார். முதலாவது, எடை பார்க்கையில் உறவினர் ஒருவர் நோயாளியைக் கட்டாயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்காடியில் யாரோ வழுக்கி விழுந்து பெரிய வழக்காகிவிட்டதாம். இரண்டாவது, இரு வருகைகளுக்கிடையே மிகக் குறைவாக எடை ஏறுபவருக்கு "இம்மாத முன்மாதிரி நோயாளி" என்ற பட்டம், சுவரில் ஓர் அட்டை நட்சத்திரம், ஜன்னலோர நாற்காலி. அவருடைய பழைய அங்காடியில் இத்தகைய திட்டத்தால் பிஸ்கட் விற்பனை உயர்ந்ததாகக் கேள்வி. சிறுநீரகத்துக்கும் பிஸ்கட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு எடுத்துரைக்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

இந்தப் போட்டியில் முதலில் களமிறங்கியவர் கண்டக்டர் ஐயா. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இயந்திரத்தை இயக்கியதும் "ரைட், போலாம்!" என்று குரல் கொடுப்பார். பக்கத்து நாற்காலியில் தட்டச்சுப் பள்ளி நடத்திய டீச்சர் அம்மா.

"தள்ளி உக்காருங்க டீச்சர், வண்டியில எடமே இல்ல."

"உங்க வண்டி கெளம்பின எடத்துலயேதான் நிக்குது. அதுக்கு டிக்கெட் வேறயா?"

கண்டக்டர் ஐயாவின் மனைவியை நாங்கள் அனைவரும் "அம்மா" என்றே அழைத்தோம். பருத்த கைகள், அவற்றைவிடப் பருத்த குரல். தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கணவருக்குக் கொடுக்க இருந்தவர் அவர். பரிசோதனைகள் அனைத்தும் பொருந்திவிட்டன. அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதுவரை உடம்பில் தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும், தேங்கினால் இதயம் தளரும், தளர்ந்த இதயத்தோடு இவரை மேசையில் படுக்கவைக்க முடியாது என்று அறுவை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை வேதவாக்காகக் கொண்டார். வீட்டிலிருந்த சொம்பு, கூஜா எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டார். கணவருக்கு மருந்துக் குப்பியின் மூடியால் தண்ணீர் அளந்தார்.

"ஏங்க, வாயத் தெறந்து வெச்சுக்கிட்டுத் தூங்காதீங்க. தொண்ட காயும், அப்புறம் தண்ணி கேப்பீங்க."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடுங்க."

முதல் மாதமே நட்சத்திரம் கண்டக்டர் ஐயாவுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமும். அம்மா பூரித்துப்போனார். திருமணமான நாள்முதல் கணவரைக் குறை சொல்வதையே சுவாசமாகக் கொண்டிருந்தவர், வாசலில் நின்ற காவலாளியிடம்கூட, "எங்க வீட்டுக்காரருதான் இந்த மாசமும். அவருக்கு வைராக்கியம் ஜாஸ்தி," என்றார். கண்டக்டர் ஐயா அதைக் கேட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வைராக்கியம் நிறைந்த அம்மனிதரின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து, விழுந்தபடியே இருந்தது. இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலியைச் சாய்க்க முனைந்தால் இருமினார். எண் மட்டும் தங்கமாக இருந்தது.

அடுத்த முறை அவர் மேடையில் ஏறுகையில் எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். விதிப்படி அம்மா அவருடைய முழங்கைக்கு அடியில் தம் கையைக் கொடுத்திருந்தார். கண்டக்டர் ஐயா மெல்ல, மிக மெல்ல, ஓடும் பேருந்தில் கம்பியில் சாய்ந்து நிற்பவரைப் போல, அந்தக் கையில் சாய்ந்தார். கணவர் விழுந்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் அம்மா பிடியை இறுக்கினார். எண் இறங்கியது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அம்மா, கொஞ்சம் கையை எடுங்க," என்றேன்.

"நல்லாருக்கே! விழுந்தா நீங்களா தூக்குவீங்க? மேனேஜர் சாரே புடிக்கச் சொல்லிருக்காரு."

பின்புறமிருந்து டீச்சர் அம்மாவின் குரல் வந்தது. "மேடையில நிக்கிறது பாதி ஆளுதான் சிஸ்டர். மீதிப் பாதிய அந்தம்மா தூக்கிட்டு நிக்கிறாங்க."

"உங்களுக்கு வயித்தெரிச்சல்," என்றார் அம்மா.

"எனக்கு எரியறதுக்கு வேற நெறைய எடம் இருக்கு."

அன்று அம்மா மருந்து வாங்கச் சென்ற வேளையில், கண்டக்டர் ஐயாவிடம் குனிந்து கேட்டேன். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. எங்க தண்ணி குடிக்கிறீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுத் தோட்டக் குழாயில. செடிக்கு ஊத்தறேன்னு போவேன். செடிக்கும் ஊத்துவேன், பொய் சொல்லக் கூடாது."

"அம்மா கையில சாயறீங்களே, அது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன், பொணவறையில இருப்பேன். சொல்லிடாதீங்க சிஸ்டர். இவ வாயால என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த வந்து இப்பத்தான் கேக்கறேன். ஆபரேஷன் வரைக்கும் கேட்டுக்கறேனே."

"ஆபரேஷனே நடக்காது ஐயா, இப்படியே போனா."

"மெஷின் இழுத்துடாதா?"

"மெஷினுக்கு நீங்க பொய் சொல்றீங்க. அது அதை நம்பி, கம்மியாத்தான் இழுக்குது."

இதை மறைத்துவைக்க எனக்கு உரிமையில்லை. மாலையே அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிஸ்டர், உங்க மேல மரியாத வெச்சிருக்கேன். அதக் கெடுத்துக்காதீங்க. மூடியால ஊத்தறவ நானு. எனக்குத் தெரியாம ஒரு சொட்டு உள்ள போகாது."

மருத்துவரிடம் சொன்னேன். அவர் பண்பாளர், கேட்டுக்கொண்டார். "எடை கம்மியா இருக்கறப்ப அதிகமா இழுத்தா பிரஷர் சரிஞ்சிடும், கால் இழுத்துக்கும். எண்ணை வெச்சுத்தானே சிஸ்டர் நான் முடிவு பண்ண முடியும்? கை பிடிக்காம ஒரு தடவை எடை பாத்துட்டு வாங்க." கை பிடிக்காமல் எடை பார்க்க அனுமதி வேண்டி மேலாளரிடம் சென்றேன். உட்கார்ந்தபடியே எடை பார்க்கும் நாற்காலி ஒன்று வாங்கலாமே என்றும் பணிவோடு தெரிவித்தேன்.

மேலாளர் அவர்கள் கனிவாகப் புன்னகைத்தார். "சிஸ்டர், நம்ம பெஸ்ட் கஸ்டமர் அவரு. நம்பர் எறங்குதேன்னு சந்தோஷப்படணும், சந்தேகப்படக் கூடாது. நாற்காலிய அடுத்த வருஷம் பாக்கலாம். அடுத்த வாரம் போட்டோ எடுக்கறோம், நல்லா சிரிச்ச முகமா வாங்க."

புகைப்படம் எடுக்கும் நாளும் வந்தது. மூன்றாவது நட்சத்திரத்தைப் பளபளக்கும் தாளில் செய்திருந்தார்கள். புகைப்படக்காரர் கண்டக்டர் ஐயாவை எடை மேடையில் ஏற்றினார். அம்மா வழக்கம்போல் கையைக் கொடுத்தார். புகைப்படக்காரர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அம்மா நகருங்க, ஃபிரேம்ல உங்க கை வருது."

"அவரு விழுந்துடுவாரு."

"ஒரு நிமிஷந்தாம்மா," என்றார் மேலாளர். அவருடைய விதியை அவரே தளர்த்திய ஒரே தருணம் அதுதான். "நம்பர் தெரியணும், அதுதான் முக்கியம்."

அம்மா கையை எடுத்தார். மேடையின் சிவப்பு எண்கள் ஒரு கணம் தடுமாறின, பிறகு ஏறின. நிற்காமல் ஏறின. ஒரு கைக்குழந்தையின் எடைக்கும் அதிகமாக ஏறிய பிறகே நின்றன.

"மெஷின் ரிப்பேர்," என்றார் மேலாளர். "யாருப்பா அங்க, ஆளக் கூப்பிடுங்க. போட்டோல நம்பர் தெரியாத மாதிரி எடுத்துக்கலாம். அவரச் சேர்ல படுக்க வைங்க, சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுப்போம்."

அம்மா அந்த எண்ணைப் பார்த்தபடியே நின்றார். பிறகு தம் உள்ளங்கையைப் பார்த்தார். "ஏங்க," என்றார், யாரும் கேட்டிராத சிறிய குரலில். "என் கையிலயா நின்னீங்க?"

அதற்குள் கண்டக்டர் ஐயாவை மேடையிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். நான் தடுப்பதற்குள் யாரோ நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிட்டார்கள். அவர் நீரில் மூழ்குபவரைப் போல வாயைத் திறந்தார். சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் உண்மையில் அவர் மூழ்கிக்கொண்டுதான் இருந்தார், தம் நுரையீரலுக்குள்ளேயே. நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, பிராணவாயுக் குழாயை மாட்டி, மருத்துவரை அழைக்கக் கத்தினேன். ஊசியை ஏற்றி இயந்திரத்தை இயக்கினேன். "ரைட்" என்று குரல் கொடுக்க அன்று ஆளில்லை. புகைப்படக்காரர் நல்லவர், பளிச்சென்ற விளக்கை அவராகவே அணைத்துவிட்டார்.

சில மணி நேரத்தில் மூச்சு சீரானது. அதன்பின் தொடர்ந்து நாள்தோறும் நீரை இழுத்தோம். கால் வீக்கம் வடிந்தது. ஆனால் இதயத்தைப் படமெடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர், அது சோர்ந்து விரிந்திருப்பதாகச் சொன்னார். "இப்போ முடியாது. ஆறு மாசம் போகட்டும், தேறுதான்னு பாப்போம்."

அம்மா அவரிடம் கெஞ்சினார். "என்கிட்ட ரெண்டு இருக்கு டாக்டர். ரெண்டும் நல்லா இருக்கு. அத எடுத்துக்கறதுக்கு என்ன?"

"உங்ககிட்ட இருக்கும்மா. வாங்கிக்கறதுக்கு அவர் உடம்புல தெம்பு இல்ல."

அன்றிலிருந்து அம்மா கணவரைத் திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. எடை பார்க்கையில், தூரத்துச் சுவரோரம் போய், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விழுந்துவிடுவார், பிடியுங்கள் என்று பணியாளர் ஒருவர் விதியை நினைவூட்டியபோது, "நான் புடிச்சது போதும்ப்பா," என்றார். கண்டக்டர் ஐயா தனியே ஏறி, தனியே இறங்கக் கற்றுக்கொண்டார். பிடிமானமில்லாமல் நிற்பது அவருடைய பழைய தொழில்தானே.

மேலாளர் அவர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை; மேம்படுத்தினார். இப்போது நட்சத்திரம் புன்னகைக்காக வழங்கப்படுகிறது. அதை எடை போட முடியாது என்பதால் எவருக்கும் தீங்கில்லை.

இழந்தவை இவை: குறித்துவைத்த அறுவை சிகிச்சை நாள் ஒன்று. கண்டக்டர் ஐயாவின் இதய வலுவில் ஏறத்தாழப் பாதி. அதில் சிறிது பின்னர் மீண்டது. காத்திருந்த மாதங்களில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி நிலைத்துவிட்டதால், கொடுப்பதற்கு ஆயத்தமாக இருந்த ஒரு சிறுநீரகம். அது இன்றும் அவரிடமே நலமாக உள்ளது, இனி எடுக்க இயலாது. அந்த வீட்டின் சண்டை சச்சரவு. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், தண்ணீர் ஊற்ற ஆள் வராததால் வாடிப்போன ஒரு வரிசைச் செடி.